மாஸ்டருக்கு ஒரு புகை அடுப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டீச்சர் தன் கொய்யா மரத்தைக் கழித்துப்போட்ட கிளைகளைச் சந்தில் குவித்துக் கொளுத்தாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. கொளுத்தினார். புகை மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாஸ்டர் தலையைத் தூக்கினார்.

“எங்கேயோ விறகு எரியுது” என்றார்.

சமையலறையில் நின்றிருந்த அவர் மனைவி கையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கீழே விட்டுவிட்டாள்.

விறகு எரிகிறது என்று புருஷன் சொன்னதற்கா ஒருத்தி டம்ளரைப் போட்டு உடைப்பாள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. மாஸ்டரைப் பத்து நாள் சுருட்டிப் போட்டது. போகும்போது சும்மா போகாமல் அவருடைய மோப்பத்தையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றாகிப் போயின. வாயில் போட்டது சர்க்கரையா மண்ணா என்று பல்லுக்குத்தான் தெரிந்தது, நாக்குக்குத் தெரியவில்லை.

வேறு யாருக்காவது வந்திருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். மாஸ்டர் தொழிற்சாலை கேன்டீனில் தினம் அறுநூறு பேருக்குச் சமைத்த ஆள். அண்டாவின் மூடியைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டு, “உப்பு ஒரு கை குறையுது” என்பார். உப்புக்கு ஏது வாசனை என்று வாதம் பண்ணினவர்கள், ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்டவர் காய்ச்சலில் இருந்து எழுந்து வேலைக்குப் போன முதல் வாரமே இரண்டு தடவை உப்பை இருமடங்காகக் கொட்டினார். மூன்றாவது தடவை அண்டா அடிப்பிடித்துக் கருகியது. வாசலில் நின்றவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தபோது, மாஸ்டர் மட்டும் கரண்டியும் கையுமாக அந்த அண்டாவுக்குப் பக்கத்திலேயே நிதானமாக நின்றுகொண்டிருந்தார்.

நிர்வாகத்தைக் குறை சொல்லக்கூடாது. “கொஞ்ச நாளைக்குத் தட்டு கொடுக்கிற இடத்துல இருங்க, மாஸ்டர்” என்று நல்லபடியாகத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து தட்டு கொடுத்தார். எல்லோரும் இன்னமும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டில் எதைப் போட்டாலும் “நல்லாயிருக்கு” என்றார். ஒரு நாள் அவள் வேண்டுமென்றே உப்பே இல்லாமல் சமைத்துப் போட்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அதற்கும் “நல்லாயிருக்கு” என்று எழுந்து கை கழுவப் போனார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

“வரலாம். வராமலும் போகலாம். நல்லா வாசனை அடிக்கிற சாமானா எடுத்து மோந்து பழக்குங்க” என்று சொல்லியிருந்தார் டாக்டர். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், கடைசியில் மண்ணெண்ணெய் வரைக்கும் மோந்து பார்த்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் அவர் மோப்பதையே விட்டுவிட்டார்.

அந்த மனிதர்தான் இப்போது விறகு எரிகிறது என்கிறார்.

உடைந்த கண்ணாடியைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தாள். “இப்ப என்னங்க சொன்னீங்க?”

மாஸ்டரும் அப்போதுதான் தான் சொன்னதைக் காதில் வாங்கியவர்போல விழித்தார். மூக்கை இழுத்துப் பார்த்தார். “போச்சு” என்றார்.

“போகலை, வாங்க.” கையைப் பிடித்துத் தரதரவென்று சந்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புகைக்கு நடுவில் நிறுத்தினாள். எரிந்து முடியப்போகிற கிளைகள்மேல் தண்ணீர் ஊற்ற வாளியோடு வந்த டீச்சர், புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கு வந்துவிட்டது என்று பயந்து அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அணைச்சிடாதீங்க.”

மாஸ்டர் கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, இருமி இருமி நின்றார். நின்றவர் ஒரு கட்டத்தில் இருமலை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார், யாரும் பேசாதீர்கள் என்பதுபோல. “இருக்கு. லேசா. இனிப்பா ஒண்ணு வருது” என்றார். அடுத்த மூச்சில் அதுவும் போய்விட்டது.

போனால் போகட்டும். அவளுக்கு அது போதும். அன்று முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எலுமிச்சைக்கும் மண்ணெண்ணெய்க்கும் திறக்காத கதவு விறகுப் புகைக்குத் திறந்திருக்கிறது. அப்படியானால் புகையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். புகையை எப்படித் தட்டில் போட்டுக் கொடுப்பது?

மூக்கில் வியர்த்தாற்போல மதியம் அவள் தம்பி வந்து சேர்ந்தான். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவன். அக்கா வீட்டில் சோறு வடிக்கிற நேரம் அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ. விஷயத்தைக் கேட்டவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்:

“நான் அந்தப் பாலம் கட்டுற இடத்துல வேலை பார்த்தேனே அக்கா, அங்க ஒரு கிரேன் டிரைவர் இருந்தான். ஒரு டாங்கை அறுத்து அதுக்குள்ள கறியை வைப்பான். தீயை உள்ள போட மாட்டான். பக்கத்துல ஒரு பெட்டியில போட்டு, சூட்டையும் புகையையும் மட்டும் உள்ள அனுப்புவான். எட்டு மணி நேரம். கறி எலும்பை விட்டுத் தானா கழண்டு விழும். மூணு தெரு தள்ளிப் போறவன் மூக்கைப் பிடிச்சு இழுத்துட்டு வரும்.”

“மூணு தெருவா?”

“சத்தியமா.”

அவள் எழுந்து கை கழுவிவிட்டாள். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது. “உன் கடையில டாங்க் என்ன கிடக்கு?” என்றாள்.

இவள் யார் என்று இன்னும் சொல்லவில்லை அல்லவா. டாங்கர் லாரிகளுக்கு டாங்க் கட்டும் பட்டறையில் இவள் வெல்டர். பட்டறையில் எல்லோருக்கும் வெல்டரக்கா. பத்தொன்பது வருஷமாகப் பற்றவைக்கிறாள். அவள் மூட்டிய டாங்க் ஒன்றுகூட இன்றுவரை ஒழுகுகிறது என்று திரும்பி வந்ததில்லை. இதை அவள் வாயால் சொல்லமாட்டாள். ஆனால் வேறு யாராவது சொல்லாமல் விட்டுவிட்டால் முகம் சுண்டிப் போகும்.

தம்பியின் கடையில் தகரமும் கம்பியுமாகக் கிடந்த குவியலுக்குப் பின்னால் அந்த டாங்க் படுத்திருந்தது. டயர் கடை கம்ப்ரஸரில் இருந்து கழற்றிய காற்று டாங்க். நாலடி நீளம், இரண்டடி குறுக்கு. வெளியே நீலப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அவள் சுத்தியலால் மெல்லத் தட்டினாள். கணீரென்றது. இன்னொரு இடத்தில் தட்டினாள். அங்கேயும் கணீரென்றது. டார்ச் அடித்து, ஓட்டை வழியே ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள்.

“துரு மேலாகத்தான் இருக்கு. தகடு நல்ல கனம்.” அவள் குரலே மாறிவிட்டது. “இது போதும்டா.”

“இதுக்கு ஒருத்தன் கேட்டு வச்சிருக்கான் அக்கா.”

“இல்லைன்னு சொல்லிடு.”

தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேரைக் கூப்பிட்டு டாங்கைத் தள்ளுவண்டியில் ஏற்றினான்.

வீட்டுப் பின்புறம் டாங்க் வந்து இறங்கியபோது மாஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். “உனக்கு என்ன, கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒரு நாள் ஒரு நிமிஷம் ஏதோ வந்துச்சு, போச்சு. அதை நம்பி இரும்பைக் கொண்டு வந்து இறக்குவியா?”

“இறக்கியாச்சு.”

“வராட்டி?”

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. அவர் பயப்படுவது டாங்குக்கு இல்லை, இன்னொரு தடவை நம்பி ஏமாறுவதற்கு. அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் அவளுக்கும் அதே பயம்தான். அதைக் காட்டினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று, “வராட்டி பூச்செடி நடுவோம். நகருங்க” என்றாள்.

அன்று சமையலறைத் தரையிலேயே சாக்பீஸால் படம் போட்டாள். டாங்க் படுத்திருக்கும். வலப்பக்கம் கீழே ஒரு சதுரப் பெட்டி, அதில் தீ. பெட்டிக்கும் டாங்குக்கும் நடுவே அரைவட்டத் திறப்பு. அது வழியாகப் புகை உள்ளே போகும். இடப்பக்கம் புகைபோக்கி. முன்னால் ஒரு கதவு. அழித்து அழித்துப் போட்டதில் தரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. மாஸ்டர் அதைத் தாண்டித் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை தாண்டும்போது நின்றார்.

“ஒரு தட்டு பத்தாது” என்றார்.

“என்னது?”

“கம்பி வலை. ரெண்டு தட்டு வை. மேல கோழி, கீழ தொடைக்கறி. கோழிக் கொழுப்பு ஒழுகித் தொடைமேல விழணும், அப்பதான் காயாது. டாங்கோட அடியில ஒரு ஓட்டை விடு, மிச்சக் கொழுப்பு வடியட்டும்.”

அவள் மூச்சுவிடாமல் வரைந்துகொண்டாள். பதினான்கு மாதத்தில் அவர் சமையலைப் பற்றி வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. ஏதாவது சொன்னால் கலைந்துவிடுமோ என்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீடு வீடாக இல்லை. பட்டறை ஃபோர்மேனிடம் மன்றாடி சின்ன வெல்டிங் மெஷினை வாங்கி வந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் உடை மாற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்வதில்லை, நேரே பின்புறம்தான். முதலில் டாங்கைச் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவி, உள்ளே இருந்த பழைய எண்ணெயை எடுத்தாள். கதவை அறுக்கிற நாள் தம்பி வேடிக்கை பார்க்க வந்தான். அவள் மூன்று பக்கம் மட்டும் அறுத்து, நாலாவது பக்கத்தை அறுக்காமல் நிறுத்தி, அதன்மேல் கீல்களை வைத்துப் பற்றவைத்தாள்.

“அறுத்து எடுத்துட்டு அப்புறம் கீல் வச்சா என்ன?”

“வளைச்ச தகடுடா. முழுசா அறுத்தா விசுக்குன்னு விரிஞ்சிடும். அப்புறம் நீயே மேல உட்கார்ந்தாலும் வாய் பொருந்தாது.”

கடைசிப் பக்கத்தையும் அறுத்தாள். கதவு கீலில் அப்படியே நின்றது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். திறந்தது. விட்டாள். டப்பென்று வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகான கதவு. அவள் அதைப் பத்துத் தடவையாவது திறந்து திறந்து மூடியிருப்பாள். தம்பி ஐந்து தடவை. பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் வந்து ஒரு தடவை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் வெல்டரக்கா இல்லையே. கதவைச் சுற்றி மயிரிழை இடைவெளி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. உள்விளிம்பில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தாள். பாய்லர் கதவுக்கு வைக்கிற, நெருப்புக்குத் தாங்கும் கயிறு வாங்கி வந்து சுற்றிலும் பதித்தாள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னக் காற்றுவழி அடுப்புப் பெட்டியில் வைத்து, அதற்கும் ஒரு மூடி போட்டாள். புகைபோக்கிக்கு இரண்டு அங்குலக் குழாயை எடுத்தாள்.

மாஸ்டர் அந்தக் குழாயைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். “இது ஒல்லியா இருக்கே. கேன்டீன் அடுப்புக்கு என் தலையே உள்ள போற அளவுக்குக் குழாய் இருக்கும்.”

“அங்க புகை வேண்டாம்னு வெளிய அனுப்புறீங்க. இங்க புகைக்காகத்தானே இவ்வளவு பாடும். அதைப் பெரிய குழாய் வச்சு ஊருக்கு விடவா?”

“இல்ல, தீ எரியணும்ல…” என்று ஆரம்பித்தார். பழைய மாஸ்டராக இருந்தால் குழாயைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இந்த மாஸ்டர் குழாயை அவள் கையில் கொடுத்தார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவள் இரண்டு அங்குலக் குழாயையே வைத்தாள். உச்சியில் ஒரு தகட்டு மூடியும் போட்டாள்.

முடிந்ததும் ஃபோர்மேன் பார்க்க வந்தார். அவரும் ஆயுள் முழுக்க டாங்க்கோடு கிடந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? புகைபோக்கி, காற்றுவழி, கொழுப்பு ஓட்டை எல்லாவற்றையும் அடைத்தார்கள். கம்ப்ரஸர் வைத்து உள்ளே காற்று ஏற்றினார்கள். மூட்டுக்கு மூட்டு பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவினார்கள். கறி வாட்டுகிற அடுப்புக்கு லாரி டாங்க் சோதனை. ஒரு இடத்திலும் குமிழி வரவில்லை. ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “தங்கச்சி, இதுக்குள்ள போன காத்துகூட உன்னைக் கேட்டுட்டுத்தான் வெளிய வரணும்” என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஒரு நாள் முழுக்க வெறும் தீ போட்டு மிச்சமிருந்த பெயின்டை எரித்துச் சுரண்டினார்கள். அன்று கதவைத் திறந்தே வைத்து எரித்ததால், உள்ளே இருக்கிற வில்லங்கம் யாருக்கும் தெரியவில்லை.

கறி வாட்ட நாள் குறித்திருந்த ஞாயிறும் வந்தது. காலை ஐந்தரைக்கே அவள் எழுந்துவிட்டாள். முந்தின நாளே மாஸ்டர் இரண்டு ஆட்டுத் தொடைக்கும் நான்கு முழுக் கோழிக்கும் உப்பும் மிளகும் பூண்டும் தடவி வைத்திருந்தார். உப்பைக் கையால் அள்ளவில்லை. தராசில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கிராம் கிராமாக நிறுத்துப் போட்டார். அறுநூறு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்ட கை அது. அவள் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

டீச்சர் தன் மரத்தில் மேலும் இரண்டு கிளை வெட்டிக் காயவைத்துக் கொடுத்த கொய்யா விறகு. ஆறரைக்குத் தீ பிடித்தது. கறியை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். ஐந்து நிமிஷத்தில் புகைபோக்கியில் இருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. பஞ்சு மாதிரி, கெட்டியாக, உருண்டு உருண்டு வந்தது. தம்பி கைதட்டினான். “அக்கா, என்னா புகை பாரேன்.” ஃபோர்மேன் வந்தார், அவரும் பார்த்துச் சொக்கிப்போனார். டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்த்தார். புகை கெட்டியாக வந்தால் வேலை பலமாக நடக்கிறது என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். யாருக்குத் தெரியும்?

ஒரே ஒரு தொல்லை. தீ நிற்கவில்லை. எரியும், உடனே சோம்பும். விறகு போட்டால் எரிவதற்குப் பதில் கனன்று புகைந்தது. அவள் இன்னும் விறகைத் திணித்தாள். இன்னும் புகை. சூடு பார்க்கக் கதவில் பதித்திருந்த மீட்டரின் முள் ஏறவே மாட்டேன் என்றது. ஊதுகுழலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஊதினார்கள். தம்பி முகம் கரியாகி, பல் மட்டும் தெரிந்தது. இவ்வளவு களேபரத்திலும் எல்லோருக்கும் குஷிதான். திருவிழாக் கூட்டம்போல ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

மாஸ்டர் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது முகத்தைப் புகைக்குக் காட்டுவார். மூச்சை இழுப்பார். அவள் எந்த வேலையில் இருந்தாலும் கண் அவர்மேல்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு, “ஏதாவது?” என்றாள். தலையை ஆட்டினார், இல்லை. பதினொன்றுக்கு அவள் வாயால் கேட்கவில்லை, பார்த்தாள். அதற்கும் இல்லை. ஒரு மணிக்கு அவர் முகத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

‘வராட்டி?’ என்று அன்று கேட்டாரே. பூச்செடி நடுவோமாம். எவ்வளவு திமிர். இந்த மனிதரை இத்தனை பேருக்கு நடுவில் உட்கார வைத்து, இன்னொரு தடவை தோற்கடிக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கூட்டத்தையாவது கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தாள். கறி கறுத்திருந்தது. கறுப்பு என்றால் பாலிஷ் போட்ட செருப்பு மாதிரி பளபளவென்ற கறுப்பு. கதவின் உள்பக்கம் பழுப்பாக ஏதோ வழிந்து சொட்டியது.

“நிறம் நல்லா ஏறியிருக்கு” என்றார் ஃபோர்மேன், மெதுவாக.

தட்டுகளில் போட்டு, மதிலுக்கு மேலாக டீச்சருக்கும் ஒன்று நீட்டினார்கள். தம்பிதான் முதலில் வாயில் வைத்தான். மென்றான். மெல்லுவது நின்றது. கண் இரண்டும் பிதுங்கின. மதிலுக்கு மேலே தெரிந்த டீச்சர் முகத்தையும், அக்கா முகத்தையும் பார்த்தான். கஷ்டப்பட்டு விழுங்கினான். “நல்லா… நல்லாயிருக்கு அக்கா.”

ஃபோர்மேன் ஒரு துண்டை வாய்க்குள் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார். “ம். நல்லாத்தான் இருக்கு. புதுசா இருக்கு.” டீச்சர் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்து, உள்ளே இருந்ததை அதில் முடிந்துகொண்டார்.

அவளும் ஒரு துண்டு எடுத்தாள். நாக்கில் பட்டதும் தலைக்கு ஏறியது. மொட்டைமாடியில் ஊற்றுகிற தாரை நக்கினால் அப்படித்தான் இருக்கும். மூன்று வார உழைப்பு, டீச்சரின் மரம், தம்பியின் டாங்க், எல்லாம் மண்ணாய்ப் போயிற்று. முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் மாஸ்டர் ஒரு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தடுக்கவும் முடியவில்லை. அவர் மெல்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடுவார், நல்லாயிருக்கு என்று. இந்தத் தாரைத் தின்றுவிட்டு, என் மனசு நோகக்கூடாதே என்று சொல்லப் போகிறார். அதைக் கேட்க இன்றைக்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

மாஸ்டரின் தாடை நின்றது. நெற்றி சுருங்கியது. மூக்கு சுருங்கியது. முகம் முழுக்க வாடிய வாழைக்காய்த் தோல் மாதிரி சுருங்கி, எழுந்து போய்ச் செடி ஓரத்தில் தூவென்று துப்பிவிட்டு வந்தார்.

“என்ன கண்றாவி இது?”

மாஸ்டர் தட்டைச் சுட்டிக் காட்டினார்.

“கசக்குது. வாயில வைக்க முடியலை. ரோட்டுக்கு ஊத்துற தார் நாத்தம் அடிக்குது. இதையா நல்லாயிருக்குன்னு தின்னுட்டு நிக்கிறீங்க?” அவர் கேன்டீன் குரலில் போட்ட போட்டில் ஃபோர்மேன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மாஸ்டர் விடுவிடுவென்று புகைபோக்கியிடம் போனார். “அன்னைக்கே சொன்னேன், ஒல்லிக் குழாய்னு. புகை உள்ள வந்தா வெளிய போகணும். வந்த புகை போக வழியில்லாம உள்ளேயே தங்கி, கறிமேல பிசினா இறங்கியிருக்கு. தீக்கு மூச்சு விடக்கூட ஒரு சந்து வைக்கலை. இது என்ன, பெட்ரோல் டாங்கா? நாலு அங்குலக் குழாயை எடு. கதவுல இருக்கிற அந்தக் கயிறைப் பிடுங்கிப் போடு. அடுப்பு வாயை அகலமா…”

“என்னங்க.”

“அகலமா அறு. கையளவு…”

“ஏங்க. கொஞ்சம் இருங்க.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “என்ன நாத்தம் அடிக்குதுன்னு சொன்னீங்க?”

“தார்…” என்றார். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“கசக்குது” என்றார். இந்தத் தடவை சத்தம் இல்லை. ஏதோ உடையக்கூடிய சாமானைக் கையில் வாங்குகிறவர்போலச் சொன்னார். “கசக்குதும்மா.”

அவள் ஓடிப்போய்த் தொடையின் கறுத்த மேல்தோலை விலக்கி, எலும்பை ஒட்டிய கறியில் ஒரு துண்டு பிய்த்து வந்து நீட்டினாள். அவர் வாங்கி வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பத்தொன்பது வருஷத்தில் எந்த டாங்குக்கும் சோதனை வைத்தபோது அவள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

“இங்க கசப்பு கம்மி” என்றார். “மிளகு இருக்கு. பூண்டு… இருக்கு, லேசா. உப்பு…” கண்ணைத் திறந்தார். “உப்பு பத்தாது. யார் போட்டது?”

“நீங்கதான் மாமா போட்டீங்க” என்றான் தம்பி. “தராசுல வச்சு.”

“அந்தத் தராசைத் தூக்கி உன் கடையில போடு.”

அவ்வளவுதான். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே புரியவில்லை. கரிக்கையால் முகத்தைத் துடைக்கத் துடைக்க முகம் இன்னும் கரியானது. ஃபோர்மேன், “குழாயை நான் அறுக்கிறேன் தங்கச்சி, நீ உட்காரு” என்று கிரைண்டரைத் தேடிக்கொண்டு போனார். எதிலாவது கையை வைக்காவிட்டால் அவரும் அழுதுவிடுவார்போல இருந்தது. டீச்சர் ஸ்டூலில் இருந்து இறங்கி, முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

மாஸ்டர் யாரையும் கவனிக்கவில்லை. நாற்காலியை இழுத்துத் தட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கறுத்துப் பிசினேறிய இன்னொரு துண்டை எடுத்தார். வாயில் போட்டார். முகம் கோணியது. “அப்பா, என்ன கசப்பு” என்றார். அடுத்த துண்டை எடுத்தார். கோழியின் தோல். அதற்கும் முகம் கோணியது. கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. அதைத் துடைக்காமல் அதற்கடுத்த துண்டை எடுத்தார்.

பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து தட்டை எடுக்கப் போனான். “விடுங்க மாமா. உடம்புக்கு ஆகாது. நாய்கூட மோந்து பார்க்காது, தூக்கிப் போட்டுடறேன்.”

மாஸ்டர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கையை எடுடா. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலை.”